வீரனின் நோயும் வைத்தியரின் வாக்கும்

அமெரிக்க நாட்டின் தலைநகராகிய வாஷிங்டனில் செங்கல்லால் எழுப்பிய பெருமாளிகை ஒன்று உண்டு. இன்று அது கட்டடக் கலையைக் காட்டும் பொருட்காட்சிசாலை. 1887-ஆம் ஆண்டில் அது கட்டி முடிக்கப்பட்டபோது அதற்குப் பென்ஷன் மாளிகை என்று பெயர். அதைக் கட்டியவர் மாண்ட்கமரி மெய்க்ஸ் என்னும் படைத்தலைவர். உள்நாட்டுப் போரின்போது வடமாநிலப் படைகளுக்கு உடையும் வண்டியும் குதிரையும் தேடித் தந்த பொறுப்பு அவருடையதாக இருந்தது. மாளிகையைச் சுற்றிலும் ஏறத்தாழ 1,200 அடி நீளத்திற்குச் சுடுமண் சிற்ப வரிசை ஒன்றை அவர் அமைத்தார். காலாட்படையும் குதிரைப்படையும் பீரங்கிப்படையும், அவற்றோடு காயம்பட்டோரும் அதில் அணிவகுத்துச் செல்கின்றனர். ஒரு வாசலுக்கு மேலே வண்டியோட்டும் கறுப்பர் ஒருவர் நிற்கிறார். போரினால் அடிமைத்தளை நீங்கியவர். அவரை அவ்விடத்தில் வைத்தே தீரவேண்டும் என்று வற்புறுத்தியவர் மெய்க்ஸ்தான்.

வெளிச்சுவரில் இவ்வளவு பெரிய அணிவகுப்பு. உள்ளே இருந்தவையோ காகிதக் கட்டுகள். இலட்சக்கணக்கான வீரர்கள், ‘நான் நோயுற்றேன், போரே அதற்குக் காரணம்’ என்று எழுதிய மனுக்களும், அம்மனுக்களை மெய்ப்பிக்கும் சான்றுகளும் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அச்சான்றுகளுள் ஒருவகையைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். அது அரசாங்க மருத்துவர் எழுதியதன்று. ஊரில் இருந்த தனி வைத்தியர் தம் கைப்பட எழுதிக்கொடுத்த சான்று. அதை நம்பலாமா, எவ்வளவு நம்பலாம் என்னும் வழக்கு 1862-இல் தொடங்கியது, இன்னும் தீர்ந்தபாடில்லை.

1862-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் குடியரசுத் தலைவர் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். போர்ப்பணியில் காயம்பட்டோ நோயுற்றோ உழைக்கும் வலிமையை இழந்தவர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை தருவது அச்சட்டம். முழு ஊனமுற்ற சாதாரணப் போர்வீரனுக்கு மாதம் 8 டாலர். பெரிய அதிகாரிக்கு 30 டாலர். இந்த ஏற்றத்தாழ்வை அந்நாளில் எவரும் வியப்பாகக் கருதவில்லை. ‘காயம்’ என்பதோடு ‘நோய்’ என்னும் சொல்லும் சட்டத்தில் இடம்பெற்றதே நமக்கு முக்கியம்.

அந்தப் போரில் வடமாநிலப் படையில் குண்டுபட்டு இறந்தவர்களைப்போல ஏறத்தாழ இருமடங்கினர் நோயால் இறந்தனர். வயிற்றுக்கடுப்பு, நச்சுக் காய்ச்சல், மலேரியா, அம்மை ஆகியவை பாசறைகளைச் சூறையாடின. பிழைத்து வீடு திரும்பியவர்களின் உடலிலும் இந்நோய்களின் எச்சம் தங்கியது. குண்டு துளைத்த காலை எவரும் காணலாம். வெட்டுண்ட கையை மறுப்பவர் இல்லை. ஆனால் பத்தாண்டுகளாக ஆறாத வயிற்றுப்போக்கையும், மழைக்காலந்தோறும் முடக்கும் கீல்வாதத்தையும் எப்படிக் காட்டுவது? அவை இருப்பதைக் காட்டிவிட்டாலும், போரில் பிறந்தவை என்று எப்படி நிறுவுவது?

பென்ஷன் இலாகா வகுத்த முறை இது. மனு வந்ததும் இராணுவ அலுவலகத்திற்குக் கடிதம் எழுதிப் பணிப் பதிவையும் மருத்துவமனைப் பதிவையும் கேட்பார்கள். பதிவு இருந்தால் நல்லது. இல்லாவிடில், அவனுடைய படைப்பிரிவு அதிகாரியோ உடன் போரிட்ட தோழர் இருவரோ பிரமாணம் செய்து சொல்லவேண்டும். இது போர்க்காலத்திற்கு. போர் முடிந்து மனுச் செய்த நாள்வரை இடையிலே ஓடிய ஆண்டுகளுக்குச் சாட்சி யார்? அங்கேதான் குடும்ப வைத்தியர் வருகிறார். ‘இம்மனிதர் படையிலிருந்து திரும்பிய நாள் முதல் இந்நோய்க்கு நான் மருந்து கொடுத்து வருகிறேன்’ என்று அவர் எழுதித் தரவேண்டும். சான்று வைத்தியரின் சொந்தக் கையெழுத்திலேயே இருப்பதை இலாகா விரும்பியது. வேறொருவர் எழுதியதில் வைத்தியர் கையொப்பம் மட்டும் இட்டிருந்தால் ஐயத்திற்கு இடமாயிற்று. இத்தனைக்கும் பிறகு, இலாகா நியமித்த மருத்துவர் மனுதாரரை நேரில் பரிசோதித்து, ஊனத்தின் அளவைப் பின்னமாகக் குறிப்பார். 1870-களில் ஒரு கை அல்லது ஒரு பாதம் இழந்தவனுக்கு மாதம் 18 டாலர் என்று வகுத்திருந்தார்கள். ஆகவே அதற்குக் குறைந்த நோய்களைப் பதினெட்டில் இத்தனை பங்கு என்று அளந்தார்கள். கீல்வாதத்திற்குப் பதினெட்டில் நான்கு, இதய நோய்க்குப் பதினெட்டில் ஆறு என்பதுபோல மனித வேதனை பின்னக்கணக்காயிற்று.

ஒரு வீரனைக் கற்பனை செய்துகொள்வோம். 1863-இல் மிசிசிப்பி ஆற்றங்கரையிலே விக்ஸ்பர்க் முற்றுகையில் சதுப்பு நிலத்தில் கிடந்து காய்ச்சலுற்றான். 1865-இல் ஊர் திரும்பினான். இளைஞன், உடல் தேறிவிடும் என்று நம்பினான், அரசாங்கத்திடம் கையேந்தக் கூச்சமும் இருந்தது. ஆண்டுகள் சென்றன. 1879-இல் நிலுவைச் சட்டம் என்று ஒன்று வந்தது. 1880-ஆம் ஆண்டு ஜூலைக்கு முன் மனுச் செய்பவர்க்கு, படையிலிருந்து விடுபட்ட நாள்முதல் கணக்கிட்டு மொத்த நிலுவையும் கிடைக்கும் என்றது அது. நம் வீரன் மனுச் செய்கிறான். படைப்பிரிவின் மருத்துவப் பதிவேடு எங்கோ ஆற்றைக் கடக்கும்போது தொலைந்துவிட்டது. முதன்முதல் மருந்து கொடுத்த வைத்தியர் இறந்துபோனார். அடுத்தவர் நிலம் தேடி மேற்கே கான்சாஸ் பக்கம் குடிபெயர்ந்துவிட்டார். இப்போது பார்ப்பவருக்கு அவனை மூன்றாண்டுகளாகத்தான் தெரியும். பதினான்கு ஆண்டு நோயில் பதினோராண்டுக்குச் சாட்சி இல்லை. நோய் பொய்யன்று, ஆனால் காகிதத்தில் ஓர் இடைவெளி. இந்த இடைவெளியே ஆயிரமாயிரம் மனுக்களை ஆண்டுக்கணக்கில் தேங்க வைத்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஊர் வைத்தியர் வீரனின் அண்டை வீட்டார். ஒரே மாதாகோவிலில் வழிபடுகிறவர். சில வேளைகளில் அவனிடம் மருந்துக் கடன் நிலுவை உள்ளவர். பென்ஷன் கிடைத்தால் கடன் அடையும். நாட்டுப்புற வைத்தியர் பலரிடம் நோய்க்குறிப்பேடு கிடையாது. கணக்குப் புத்தகம் மட்டுமே உண்டு. எனவே பத்தாண்டுக்கு முற்பட்ட செய்தியை நினைவிலிருந்தே எழுதினார். அவரைக் குறுக்கு விசாரணை செய்வார் எவருமில்லை. 1876 முதல் 1881 வரை பென்ஷன் கமிஷனராக இருந்த ஜான் பென்ட்லி இதைக் கண்டு கவலையுற்றார். ஒரு தரப்பார் மட்டும் எழுதி அனுப்பும் பிரமாணப் பத்திரங்களை வைத்துக்கொண்டு பொதுப்பணத்தைப் பங்கிடுவது மோசடிக்கு வாசல் திறப்பதாகும் என்பது அவர் கருத்து. நாட்டை வட்டங்களாகப் பிரித்து, வட்டந்தோறும் ஓர் அரசாங்க மருத்துவரையும் எழுத்தரையும் அனுப்பி, ஊரறியச் சாட்சிகளை விசாரித்து உண்மை காணலாம் என்று அவர் திட்டமிட்டார். அதற்கு ‘அறுபது மருத்துவர் மசோதா’ என்று பெயர் வழங்கிற்று. மனுக்களை நடத்திக் கூலி பெற்றுவந்த பென்ஷன் வழக்குரைஞர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தனர். மசோதா நிறைவேறவில்லை.

பென்ட்லி கேட்டதில் நியாயம் இருந்தது என்பதே என் எண்ணம். ஆயினும் அவர் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. அரசாங்க மருத்துவர் என்பவர் வானத்திலிருந்து குதித்தவரல்லர். இலாகா நியமித்த பரிசோதகர்களும் அந்தந்த ஊரில் தொழில் நடத்திய வைத்தியர்களே. காலையில் தம் நோயாளிக்கு மருந்து கட்டிக் கொடுத்தவர், மாலையில் அரசாங்கத்தின் பெயரால் இன்னொரு வைத்தியரின் நோயாளியை அளந்தார். 1882-இல் மூவர் அடங்கிய குழுக்களை அமைத்தபோதும் இந்நிலை முற்றிலும் மாறவில்லை. ஒருநாள், அரைமணி நேரம் பார்த்தவருடைய கண் கூர்மையா, பத்தாண்டுகள் பார்த்தவருடைய கண் கூர்மையா? முன்னவருக்குப் பற்று இல்லை. ஆனால் பழக்கமும் இல்லை. பின்னவருக்குப் பழக்கம் உண்டு; அதனாலேயே பற்றும் உண்டு. இரண்டையும் ஒருவரிடத்தே தேடுவது அரிது.

இலாகா மறுத்தால் வீரனுக்கு இன்னொரு வழி இருந்தது. தன் தொகுதி உறுப்பினரைக் கொண்டு காங்கிரசில் தனக்கென்றே ஒரு தனி மசோதா கொண்டுவரலாம். அவை கட்டுக்கட்டாக நிறைவேறின. 1885 முதல் 1889 வரை குடியரசுத் தலைவராக இருந்த குரோவர் கிளீவ்லண்டு இத்தகைய மசோதாக்களை ஒவ்வொன்றாகப் படித்து, 200-க்கும் மேற்பட்டவற்றைத் தம் அதிகாரத்தால் தள்ளினார். சான்றுகளில் உள்ள ஓட்டைகளை அவர் ஏளனத்தோடு சுட்டிக்காட்டிய வாசகங்கள் பழைய வீரர்களின் நெஞ்சைச் சுட்டன. அடுத்த தேர்தலில் அவர் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பர்.

1890-இல் சட்டம் பெரிதும் மாறிற்று. தொண்ணூறு நாள் பணியாற்றி நற்சான்றுடன் விடுபட்டவன், இப்போது உடல் உழைப்புக்கு இயலாதவனாக இருந்தால் போதும். நோய் போரில் பிறந்தது என்று காட்டவேண்டியதில்லை. தீயொழுக்கத்தால் வந்த நோயாக மட்டும் இருக்கலாகாது. இடைவெளி என்னும் பூதம் ஒழிந்தது. 1893-இல் பென்ஷன் பெறுவோர் தொகை ஏறத்தாழ 9,66,000 ஆயிற்று. மத்திய அரசாங்கச் செலவில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் இதற்கே போயிற்று. நல்லொழுக்கத்திற்கும் வைத்தியரும் அண்டை அயலாரும் பிரமாணம் செய்யவேண்டியிருந்தது என்பது வேறு கதை.

இனி, மெய்க்ஸ் தம் வாசலின் மேல் நிறுத்திய அந்த வண்டியோட்டியிடம் வருவோம். உள்நாட்டுப் போரில் வடமாநிலப் படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பர்கள் போரிட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அடிமைகளாக இருந்தவர்கள். பென்ஷன் சட்டத்தில் நிறவேற்றுமை ஒரு வரியிலும் இல்லை. வெள்ளையனுக்கு எவ்வளவோ கறுப்பனுக்கும் அவ்வளவே. அந்நாளைய அமெரிக்கச் சட்டங்களிடையே இஃது அரிய பெருமை. ஆனால் சட்டம் கேட்ட சான்றுகளோ? கூலிக்குப் பருத்தி பறிப்பவன் டாக்டரை அழைத்தால் காசு கொடுக்கவேண்டும். காசில்லாதவன் ஊரில் வேரும் பச்சிலையும் அறிந்த மூதாட்டியிடம் போனான். அவளால் உயிர் பிழைத்தான். ஆனால் அவள் வாக்கு மருத்துவச் சான்றாகாது. பத்திரத்தில் கையொப்பத்தைச் சான்றளிக்கும் நோட்டரிக்கும் கட்டணம் உண்டு. அடிமைத்தனத்தில் ஒரு பெயர், படையில் ஒரு பெயர், விடுதலைக்குப் பின் தானே தேர்ந்த ஒரு பெயர் என்று மூன்று பெயர்கள் உள்ளவன், ‘அவனும் நானும் ஒருவனே’ என்று நிறுவுவதற்கே பாதி ஆயுள் போயிற்று. இக்கோப்புகளை மாதிரி எடுத்து எண்ணிய வரலாற்றறிஞர்கள், மனுச் செய்த வெள்ளையர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 92 பேரும், கறுப்பர்களுள் ஏறத்தாழ 75 பேரும் வெற்றி பெற்றதாகக் கண்டிருக்கின்றனர். சட்டத்தில் இல்லாத வேற்றுமை சான்றின் வழியே உள்ளே நுழைந்தது.

1904-இல் இலாகா வேறொரு கட்டளையிட்டது: 62 வயதானவன் பாதி ஊனமுற்றவன், 70 வயதானவன் முழு ஊனமுற்றவன் என்று கொள்ளலாம் என்பது. வைத்தியரைத் தேடவேண்டாம், வயதைக் காட்டினால் போதும். எளிய வழிதான். ஆனால் அடிமையாகப் பிறந்தவனுக்குப் பிறப்புப் பதிவு ஏது? எசமானின் கணக்கேட்டில் மாடு கன்றுகளின் பக்கத்தில் எழுதியிருந்தால் உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியை விரைந்து கடப்போம். முதல் உலகப்போரில் நச்சுவாயுவும் பீரங்கி முழக்கமும் நுரையீரலையும் மனத்தையும் சிதைத்தன. மீண்டும் கண்ணுக்குத் தெரியாத நோய். மீண்டும் சான்று இல்லை. 1921-இல் காங்கிரஸ் ஓர் அனுமானத்தைச் சட்டமாக்கிற்று. படையிலிருந்து விடுபட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் காசநோயோ மனநோயோ தோன்றினால், அது பணியில் வந்ததாகவே கருதப்படும். பிற்காலத்தில் வியட்நாம் போரில் காட்டை அழிக்கத் தூவிய இரசாயனத்தால் வந்த நோய்களுக்கும் 1991-ஆம் ஆண்டுச் சட்டம் இதே வழியைப் பின்பற்றியது. வைத்தியரால் நிறுவ இயலாததைச் சட்டமே நிறுவிவிடுவது என்னும் இம்முறை மனிதத்தன்மை உடையது என்றே நான் கருதுகிறேன்.

1930-இல் பழைய வீரர்களுக்கான இலாகாக்களை ஒன்றுசேர்த்து ஒரே நிருவாகமாக்கினர். அதன் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக வழியில்லாதிருந்தது. இலாகாவே மனுவை வாங்கியது. இலாகாவின் மருத்துவரே பார்த்தார். இலாகாவின் மேல்முறையீட்டுக் குழுவே, தன்னிடம் உறுப்பினராக இருந்த மருத்துவர்களைக் கொண்டு, இறுதி முடிவு சொன்னது. வெளி வைத்தியரின் கடிதம் கோப்பில் இருக்கும். அதை ஏன் ஏற்கவில்லை என்பதற்குப் பெரும்பாலும் காரணம் இராது.

அரசாங்கப் பதிவே முதன்மையான சான்று என்னும் நம்பிக்கை 1973-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் நெருப்பில் வெந்தது. செயிண்ட் லூயி நகரருகே படைவீரர் பதிவுகள் வைத்திருந்த கட்டடத்தில் தீப்பற்றிற்று. 160 முதல் 180 இலட்சம் கோப்புகள் அழிந்தன. 1912-க்கும் 1960-க்கும் இடையே தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் நூற்றுக்கு எண்பது போயின. அவற்றுக்குப் படியும் இல்லை, அட்டவணையும் இல்லை. இரண்டு உலகப் போர்களிலும் கொரியப் போரிலும் பணியாற்றியவர்கள், தம்மிடம் தவறேதுமின்றி, பதிவு தொலைத்த விக்ஸ்பர்க் வீரனின் நிலைக்கு வந்தனர். அவர்களுக்கு எஞ்சியவை தோழர்களின் வாக்குமூலமும், போர் முடிந்து வீடு வந்த ஆண்டுகளில் பார்த்த ஊர் டாக்டரின் பழைய சீட்டுகளுமே. 1862-இல் கண்ட அதே இரண்டு சான்றுகள்!

1988-இல் நிறைவேறிய சட்டம் பழைய வீரர்களுக்கென ஒரு தனி நீதிமன்றத்தை நிறுவியது. பதிவுகள் அரசாங்கத்தின் கையில் இருந்து அழிந்திருந்தால், காரணங்களை விளக்குவதிலும் ஐயத்தின் பயனை மனுதாரருக்கு அளிப்பது பற்றி ஆராய்வதிலும் இலாகாவின் கடமை மிகுகிறது என்று அந்நீதிமன்றம் 1991-இல் கூறியது. மேல்முறையீட்டுக் குழுவினர் தம் சொந்த மருத்துவ அறிவை வைத்துத் தீர்ப்பளிக்கலாகாது, கோப்பிலுள்ள மருத்துவச் சான்றையே சார்ந்து நிற்கவேண்டும் என்றும் அதே ஆண்டில் தீர்த்தது. 1994-இல் காங்கிரஸ், தனி மருத்துவரின் அறிக்கை போதிய அளவு முழுமையாக இருந்தால், அரசாங்க மருத்துவர் மறுபடி பார்க்காமலே அதை ஏற்கலாம் என்று சட்டம் செய்தது. ‘ஏற்கலாம்’ என்றது, ‘ஏற்கவேண்டும்’ என்னவில்லை. இரு சொற்களுக்கும் உள்ள தொலைவைச் சட்டம் பயிலும் மாணவர்கள் அறிவார்கள்.

அப்படியானால், நெடுநாள் பார்த்த வைத்தியரின் சொல்லுக்குத் தனிமதிப்பு உண்டா? அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புத் துறையில் அத்தகைய விதி ஒன்று 2017 வரை இருந்தது. பழைய வீரர்களின் வழக்குகளில் அவ்விதியை ஏற்க 1993-இல் தனி நீதிமன்றமும், 2001-இல் அதற்கு மேலான நீதிமன்றமும் மறுத்துவிட்டன. ஆனால் 2008-இல் மற்றொரு தீர்ப்பு வந்தது. அரசாங்கக் கோப்பைப் படிக்கவில்லை என்பதற்காக மட்டும் தனி மருத்துவரின் கருத்தைத் தள்ளுவது முறையன்று. கோப்பைப் படித்தார் என்பதற்காக மட்டும் அரசாங்க மருத்துவரின் கருத்தை உயர்த்துவதும் முறையன்று. உண்மைகளை அறிந்து, காரணம் காட்டி எழுதியவர் யார் என்பதே கேள்வி. பென்ட்லிக்கும் அவரை எதிர்த்தவர்களுக்கும் இடையே நடந்த வாதத்திற்கு, நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கழித்து வந்த விடை அது. வெறும் முத்திரையும் போதாது; வெறும் பழக்கமும் போதாது. ‘இந்நோய் போரால் வந்தது’ என்று ஒற்றை வரி எழுதிக் கையொப்பமிடும் நல்ல வைத்தியர், தம் நோயாளிக்கு நன்மை செய்யவில்லை. எப்போது பார்த்தார், என்ன கண்டார், வேறு காரணங்களை ஏன் விலக்கினார் என்று இரண்டு பக்கம் எழுதுபவரே உதவுகிறார். சான்றும் சான்றும் சமமாக நிற்குமாயின் ஐயத்தின் பயன் வீரனுக்கே என்று சட்டம் சொல்வதால், நன்றாக எழுதிய ஓர் அறிக்கை தராசை அவன் பக்கம் சாய்க்கவோ சமமாக்கவோ வல்லது.

பழைய ஐயம் அத்துடன் போய்விடவில்லை. தனி மருத்துவர்கள் எளிதில் நிரப்பும்படி 2010 முதல் இலாகா வினாப் படிவங்களை வகுத்தது. 2020 ஏப்ரலில், பெருந்தொற்றுக் காலத்தில், பொதுமக்கள் பெறும் வகையில் இருந்த அப்படிவங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மோசடிக்கு இடம் உண்டு என்னும் அச்சமும் அப்போது பேசப்பட்டது. தொலைவில் குடியிருப்போரும், அரசாங்க மருத்துவமனைக்குப் போக இயலாதோரும் முறையிட்டனர். 2021 ஜனவரியில் காங்கிரஸ் சட்டமியற்றி அவற்றை மீண்டும் வெளியிடச் செய்தது.

இனி அந்தப் பழைய பென்ஷன் காகிதங்களைப் பற்றி வரலாறு பயிலும் மாணவர்களுக்கு ஒரு சொல். அவை வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. ராபர்ட் ஃபோகல் என்னும் பொருளியல் அறிஞரும் அவர்தம் குழுவினரும் ஏறத்தாழ 40,000 வீரர்களின் பதிவுகளை எடுத்து, மருத்துவர்கள் எழுதிய அந்தப் ‘பதினெட்டில் நான்கு’களையும் ‘பதினெட்டில் ஆறு’களையும் கணக்கிட்டு, அக்கால மக்களின் உடல்நலத்தை ஆராய்ந்தனர். எழுத்தறியாத முன்னாள் அடிமைகள் தம் வாழ்க்கையைத் தம் வாய்மொழியாகச் சொல்லிப் பதிவாகிய இடங்களுள் விசாரணை அதிகாரிகள் எடுத்த இந்த வாக்குமூலங்கள் தலைசிறந்தவை. மனு தோற்றவனின் கோப்பே பெரும்பாலும் தடித்தது. எளிதில் வென்றவனைப் பற்றி நாம் அறிவது சில தாள்களே.

2021-இல் திரும்ப வந்த படிவத்தின் முதற்பகுதியிலேயே மருத்துவரை நோக்கிச் சில வினாக்கள் உள்ளன. நீர் இலாகாவின் மருத்துவரா? இவரை நேரில் பார்த்தீரா? எந்தச் சான்றுகளைப் படித்தீர்? அவற்றினிடையே இதுவும் உண்டு: இந்த வீரர் உம்முடைய மருத்துவமனையில் வழக்கமாகப் பார்க்கப்படும் நோயாளியா?